ஈ.கோலையில் கைட்டினேஸ் தயாரிப்பு: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

இறால் உரிக்கும்போது அந்த ஓட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வெங்காயத் தோல் அளவுக்குத்தான் கனம். ஆனால் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது, குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் குழையாது. அந்த உறுதிக்குப் பின்னால் இருப்பது கைட்டின். என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை அலகுகள் பீட்டா-1,4 பிணைப்பில் கோத்த நீண்ட சங்கிலிகள், ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். நண்டு, இறால், பூச்சிகளின் ஓட்டிலும் பூஞ்சைகளின் செல்சுவரிலும் இதுதான். பிரான்சின் ஆன்றி பிராகோனோ 1811இல் முதலில் பிரித்தெடுத்ததே காளானிலிருந்துதான். செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக இயற்கையில் அதிகம் கிடைக்கும் பாலிசாக்கரைடு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

இவ்வளவு உருவாகியும் கடலடியிலும் மண்ணிலும் அது மலையாகக் குவிந்து கிடக்கவில்லை. உடைப்பதற்கு ஆள் இருக்கிறது. பல பாக்டீரியாக்கள் கைட்டினேஸ் என்ற நொதியைச் சுரந்து, சங்கிலியைத் துண்டாக்கிச் சாப்பிட்டுவிடுகின்றன. அந்த நொதியின் மரபணுவை எடுத்து, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் வைத்து, நொதியைத் தனியாகத் தயாரித்து, வேலை செய்கிறதா என்று அளந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் தொடங்குபவர்களையும் முதல் வருட ஆராய்ச்சி மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணுவை பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு டி.என்.ஏ. வளையம்) ஏற்றுவது, பாக்டீரியாவுக்குள் செலுத்துவது, ஜெல்லில் பேண்ட் (அளவுப்படி பிரிந்த புரதமோ டி.என்.ஏ.வோ கோடாகத் தெரிவது) பார்ப்பது, இதெல்லாம் பொறுமையாகச் செய்தால் எல்லோருக்கும் வந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது கடைசியில். கையில் புரதம் இருக்கும், அது கைட்டினை உடைக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கைட்டின் கரையாத பொருள் என்பதால் சர்க்கரையையும் ஸ்டார்ச்சையும் அளப்பதுபோல இதை அளக்க முடியாது. ஆகவே கடைசியில் வரும் அளவீட்டை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மரபணுவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கைட்டினைத் தயார் செய்யுங்கள். கட்டுரையின் வரிசையும் அப்படித்தான் போகிறது.

எந்த நொதி?

முதன்முறை என்றால் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவின் 'கை-ஏ' நொதியைப் பரிந்துரைப்பேன். சிவப்பு நிறமி சுரக்குமே, அந்த பாக்டீரியாதான். கைட்டின் உடைப்பில் உலகில் மிக நன்றாக ஆராயப்பட்ட அமைப்புகளில் இதுவும் ஒன்று. கை-ஏ, கை-பி, கை-சி என்று மூன்று கைட்டினேஸ்கள் அதில் உண்டு. மூன்றும் கிளைகோசைடு ஹைட்ரோலேஸ் 18ஆம் குடும்பத்தைச் சேர்ந்தவை. கை-ஏ சங்கிலியின் ஒடுக்கும் முனையிலிருந்து (சர்க்கரை அளக்கும் வினைபொருள்களோடு வினைபுரியும் முனை) கடித்துக்கொண்டே போகும், கை-பி எதிர் முனையிலிருந்து வரும், கை-சி நடுவில் எங்காவது வெட்டும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் தனித்தனியாகச் செய்வதைவிட அதிக வேலை நடப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

கை-ஏவின் முப்பரிமாண அமைப்பு 1994இலேயே வெளிவந்துவிட்டது. புரதத் தரவு வங்கியில் 1சிடிஎன் என்ற எண்ணில் பார்க்கலாம். 563 அமினோ அமிலங்கள். அதில் முதல் 23 சிக்னல் பெப்டைடு, புரதத்தை உள்சவ்வுக்கு வெளியே அனுப்பும் முகவரிச்சீட்டு மாதிரி. அது வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சும் முதிர்ந்த நொதி சுமார் 58 கிலோடால்டன். வினையூக்கத்தின் மையம் 315ஆம் இடத்திலுள்ள குளுட்டாமிக் அமிலம். இந்த 315ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அனுமதி

செராஷியா மார்செசென்ஸ் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குத் தொற்று உண்டாக்கக்கூடியது. அதை வளர்த்து டி.என்.ஏ. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மரபணுவைச் செயற்கையாகத் தொகுத்துத் தரும் நிறுவனங்களிடம் வாங்கிவிடலாம். பாதுகாப்பும் கூடுதல், ஈ.கோலைக்கு ஏற்றபடி கோடான்களை (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) மாற்றியும் கேட்கலாம். இந்தியாவில் மறுசேர்க்கை டி.என்.ஏ. வேலை எதுவானாலும் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். 1989 விதிகளும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017 வழிகாட்டு நெறிகளும் இதைக் கேட்கின்றன. சாதாரண ஈ.கோலை ஆய்வகவகையில் இந்த நொதியைச் செய்வது குறைந்த ஆபத்துள்ள வேலைதான். ஆனாலும் கைடிடம் கேட்டு, படிவம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொலாய்டல் கைட்டின்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

சந்தையிலிருந்து இறால் ஓடு வாங்கி அரைத்து நேரடியாகப் போட முடியாது. அதில் சுண்ணாம்பும் புரதமும் கலந்திருக்கும். முதல் வேலைக்கு, சுத்திகரித்த கைட்டின் பொடியே வாங்குங்கள். அந்தப் பொடியும் அப்படியே உதவாது. துகள்கள் பெரிது, சங்கிலிகள் இறுக்கமாகப் படிகமாக அடுக்கப்பட்டிருக்கும், நொதி மேலே மட்டும் சுரண்டிக்கொண்டிருக்கும். அடர் அமிலத்தில் கரைத்துத் திரும்பப் படிய வைத்தால் அந்த அடுக்கு தளர்ந்துவிடும். அப்படிக் கிடைப்பதுதான் கொலாய்டல் கைட்டின்.

10 கிராம் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியேற்றும் ஹூடுக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, 100 முதல் 120 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகி உள்ளே அமிலம் போகாது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலவை பாகு மாதிரி தடித்து, பழுப்பாக மாறும். அதற்கு மேல் அறை வெப்பநிலையில் விட்டு வைக்க வேண்டாம். அமிலமே சங்கிலிகளை வெட்டத் தொடங்கிவிடும், கழுவும்போது பாதி தண்ணீரோடு போய்விடும்.

அப்புறம் கண்ணாடி இழைப் பஞ்சில் வடிகட்டி, 2 லிட்டர் ஐஸ் தண்ணீரில் மெல்லிய தாரையாக, நன்றாகக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். பால் திரிவது மாதிரி வெள்ளை வெள்ளையாக விரிந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும். ஓர் இரவு 4 டிகிரியில் படிய விடுங்கள். மறுநாள் மேல்நீரைக் கொட்டி, சென்ட்ரிபியூஜில் 5000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். திரும்பத் திரும்பக் கழுவுங்கள்.

எத்தனை தடவை? பி.எச். தாள் சொல்லும்வரை. 5.5-6க்கு மேல் வர வேண்டும். நான் முதன்முறை செய்தபோது நான்கு தடவை கழுவிவிட்டுப் போதும் என்று வைத்துவிட்டேன். பிறகு நொதியைத் தயாரித்துச் சோதித்தால் செயல்பாடு பூஜ்யம். மரபணுவில் பிழை என்று நினைத்து சீக்வென்சிங் செய்தேன், புதிதாக நொதி தயாரித்தேன், இரண்டு வாரம் அதிலேயே போனது. கடைசியில் ஒரு நாள் மாலை அந்தக் கைட்டின் பாட்டிலிலேயே பி.எச். தாளை நனைத்துப் பார்த்தேன். தாள் அடர் சிவப்பாக மாறியது. பி.எச்.ஐ நிலையாக வைக்க வேண்டிய 50 மில்லிமோலார் பஃபரை அந்த மிச்ச அமிலம் ஒரே மூச்சில் விழுங்கியிருந்தது. நொதி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் அதை அமிலத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கழுவிய ஒவ்வொரு தொகுதியின் பாட்டிலிலும் தேதியோடு பி.எச். மதிப்பையும் எழுதி ஒட்டுகிறேன்.

கடைசியில் கிடைப்பது கெட்டித் தயிர் மாதிரி ஒரு பசை. அதில் எவ்வளவு கைட்டின் இருக்கிறது என்று தெரிய, எடை போட்ட தட்டில் 5 கிராம் பசையை வைத்து 60 டிகிரி ஓவனில் எடை நிலைக்கும்வரை உலர்த்துங்கள். 5 கிராம் பசை 0.25 கிராமாக உலர்ந்தால் அது 5 சதவீதம். 1 சதவீதக் கலவைக்கு ஐந்து மடங்கு நீர்த்தால் போதும். மூடி, 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். உறைய வைக்காதீர்கள், துகள்கள் திரண்டுபோகும். ஒரே தொகுதியை ப்ராஜெக்ட் முழுவதற்கும் பயன்படுத்துங்கள். தொகுதிக்குத் தொகுதி துகளின் அளவு மாறும், அதனால் எண்களும் மாறும்.

அளவீட்டை இப்போதே பழகுங்கள்

கைட்டின் சங்கிலி ஒவ்வொரு முறை உடையும்போதும் ஒரு புதிய ஒடுக்கும் முனை வெளியே வரும். அதை எண்ணுவதுதான் அளவீடு. டி.என்.எஸ். முறையை இளநிலையிலேயே செய்திருப்பீர்கள். 540 நானோமீட்டரில் நிறம் பார்ப்பது. வசதியானது, ஆனால் கைட்டின் வேலைக்குக் கூர்மை போதாது. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு பயன்படுத்தும் ஷேல்ஸ் முறை இன்னும் நுட்பமானது. அதில் மஞ்சள் நிறம் குறையக் குறையச் சர்க்கரை அதிகம், 420 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். நிறம் கூடும் என்று எதிர்பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

எந்த முறையானாலும் ஸ்டாண்டர்டு குளுக்கோஸ் இருக்கக் கூடாது. என்-அசிட்டைல் குளுக்கோசமைனையே வையுங்கள், இரண்டும் ஒரே அளவு நிறம் தராது. அதன் மூலக்கூறு எடை 221. 10 மி.லி. நீரில் 22.1 மில்லிகிராம் கரைத்தால் 10 மில்லிமோலார். அதிலிருந்து ஐந்தாறு நீர்ப்புகள் செய்து நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள்.

கொலாய்டல் கைட்டின் பால் போலக் கலங்கியிருக்கும். நிறம் படிக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் சுற்றித் தெளிநீரை மட்டும் எடுங்கள். ஒரு துளி துகள் வந்துவிட்டாலும் ஒளிச்சிதறலால் எண் ஏறிவிடும். நொதி கைக்கு வரும் முன்பே, வெறும் கைட்டின், வெறும் பஃபர், தெரிந்த அளவு சர்க்கரை சேர்த்த கைட்டின் என்று மூன்றையும் ஒரு வாரம் அளந்து பழகுங்கள். ஒவ்வொன்றையும் மும்மூன்று குழாய்களில் அளந்து, அந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒத்துவரும்வரை மேலே போக வேண்டாம்.

மரபணுவும் பிளாஸ்மிடும்

பெட்-28ஏ பிளாஸ்மிட் பெரும்பாலான லேப்களில் இருக்கும். கானாமைசின் எதிர்ப்பு, புரதத்தின் தலையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வால் (சுத்திகரிக்கும்போது நிக்கலில் ஒட்டிக்கொள்ளும்), மரபணுவை இயக்க டி7 புரோமோட்டர் என்ற தொடக்க வரிசை. மரபணுவை என்.டி.இ.-1, எக்ஸ்.எச்.ஓ.-1 என்ற இரு வெட்டிடங்களுக்கு நடுவே ஏற்றுவது வழக்கம். என்.டி.இ.-1 வெட்டும் ஆறெழுத்து வரிசையின் கடைசி மூன்று எழுத்து ஏ-டி-ஜி, அதாவது தொடக்கக் கோடான். ஆகவே மரபணுவின் ஏ-டி-ஜி அந்த இடத்திலேயே சரியாக உட்கார்ந்துவிடும், மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் படிப்புச் சட்டம் நகராது. மரபணுவுக்குள்ளேயே இந்த இரு வெட்டிடங்களில் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று கணினியில் பாருங்கள். செயற்கையாகத் தொகுக்கிறீர்கள் என்றால் அவற்றை நீக்கித் தரச் சொல்லிவிடலாம்.

பி.சி.ஆர். செய்துதான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு எச்சரிக்கை. செராஷியாவின் டி.என்.ஏ.வில் ஜி, சி எழுத்துகள் ஏறத்தாழ 59 சதவீதம். இழைகள் எளிதில் பிரியாது. 3 முதல் 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தால் பெரும்பாலும் பேண்ட் வந்துவிடும்.

சிக்னல் பெப்டைடை வைப்பதா, நீக்குவதா? இதற்கு இரண்டு வழியுண்டு. வைத்தால் நொதி ஈ.கோலையின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசத்துக்குப் போய்ச் சேரும். அளவு குறைவு, ஆனால் சுத்தமாகக் கிடைக்கும். செல்லை உடைக்காமல், சுக்ரோஸில் ஊற வைத்துக் குளிர்ந்த நீரில் அதிர்ச்சி கொடுத்தே எடுத்துவிடலாம். நீக்கினால் சைட்டோபிளாசத்திலேயே தங்கும், அளவு அதிகம். தலையில் ஹிஸ்டிடின் வால் வைத்திருந்தால் சிக்னல் பெப்டைடை நீக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வாலுக்குப் பின்னால் மாட்டிய சிக்னல் வேலை செய்யாமலே போகலாம், வேலை செய்தால் வெட்டுப்படும்போது வாலும் சேர்ந்து போய்விடும். முதன்முறைக்கு நான் சொல்வது: 24ஆம் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் முதிர்ந்த வடிவம், பெட்-28ஏ, சைட்டோபிளாசம்.

இங்கே ஒரே ஒரு கூடுதல் செலவு செய்யுங்கள். 315ஆம் குளுட்டாமிக் அமிலத்தை குளுட்டமினாக மாற்றிய இன்னொரு வடிவத்தையும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். செயலற்ற இரட்டை மாதிரி. ஒரே வகையில் வளர்த்து, ஒரே வகையில் சுத்திகரித்த இந்த இரட்டை கைட்டினை உடைக்காமல், உங்கள் நொதி உடைத்தால், அதன்பின் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பாக்டீரியாவுக்குள்

பிளாஸ்மிடைப் பெருக்கவும் சேமிக்கவும் டி.எச்.5-ஆல்ஃபா, புரதம் தயாரிக்க பி.எல்.21 (டி.இ.3). இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். டி7 புரோமோட்டரைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் பி.எல்.21 (டி.இ.3)இன் குரோமோசோமில்தான் இருக்கிறது. டி.எச்.5-ஆல்ஃபாவில் எவ்வளவு ஐ.பி.டி.ஜி. (புரதத் தயாரிப்பைத் தொடங்கி வைக்கும் வேதிப்பொருள்) ஊற்றினாலும் புரதம் வராது. பி.எல்.21இல் லோன், ஓ.எம்.பி.-டி என்ற இரண்டு புரதச்சிதைப்பு நொதிகளும் இல்லை, அதனால் செய்த புரதம் பத்திரமாக இருக்கும்.

வெறும் பெட்-28ஏவையும் தனியாக ஒரு பி.எல்.21இல் ஏற்றி வையுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. ஈ.கோலைக்கே சொந்தமாக ஒரு கைட்டினேஸ் மரபணு இருக்கிறது; கே-12 வகையில் எச்-என்.எஸ். என்ற புரதம் வழக்கமாக அதை அமுக்கி வைத்திருக்கும். ஒப்பிட வெறும் பிளாஸ்மிட் இல்லாவிட்டால், கொஞ்சம் செயல்பாடு தெரியும்போது அது யாருடையது என்று சொல்ல முடியாது.

கொலாய்டல் கைட்டின் கலந்த அகார் தட்டில் காலனியைச் சுற்றித் தெளிவான வளையம் வரும் என்று படித்திருப்பீர்கள். சிக்னல் பெப்டைடை நீக்கியவர்களுக்கு அந்த வளையம் வராமலே போகலாம், நொதி செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பயந்துவிடாதீர்கள். தட்டில் பைப்பெட் முனையால் சிறு குழிகள் வெட்டி, உடைத்த செல்லின் தெளிநீரை 50 மைக்ரோ லிட்டர் ஊற்றி, 37 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். 0.1 சதவீதக் காங்கோ சிவப்பில் நனைத்து, 1 மோலார் உப்பு நீரில் அலசினால், கைட்டின் இருக்கும் இடம் சிவப்பாகவும் கரைந்த இடம் வெளிறியும் தெரியும். அருகிலேயே வெறும் பிளாஸ்மிட் குழி இருக்கட்டும்.

சிறு அளவில் ஒரு சோதனை

நேராக ஒரு லிட்டருக்குப் போக வேண்டாம். 10 மி.லி. குடுவைகள் மூன்று. எல்.பி. மீடியம், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கானாமைசின். 37 டிகிரியில் வளர்த்து, 600 நானோமீட்டரில் ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.6 வரும்போது 0.2 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி. போடுங்கள். ஒரு குடுவை 37 டிகிரியில் மூன்று மணி நேரம், இன்னொன்று 25 டிகிரியில் ஆறு மணி நேரம், மூன்றாவது 18 டிகிரியில் இரவு முழுக்க. கடைசிக் குடுவைக்கு ஐ.பி.டி.ஜி. போடும் முன் பத்து இருபது நிமிடம் குளிர விடுங்கள்.

ஜெல்லில் ஏற்றும்போது எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை செல் இருக்க வேண்டும். ஓ.டி. 0.6இல் 1 மி.லி. எடுத்தால், ஓ.டி. 3இல் 0.2 மி.லி. போதும். இதைச் செய்யாமல், "ஐ.பி.டி.ஜி. போட்ட பிறகு பேண்ட் தடிமன்" என்று காட்டுபவர்கள் வெறுமனே அதிகச் செல்லைக் காட்டுகிறார்கள்.

செல்லை உடைத்துச் சுற்றியபின் தெளிநீரையும் பெல்லட்டையும் தனித்தனியாக ஏற்றுங்கள். பேண்ட் முழுக்கப் பெல்லட்டில் இருந்தால் புரதம் சரியாக மடியாமல் உருண்டையாகத் திரண்டுவிட்டது என்று பொருள். 37 டிகிரியில் இது சாதாரணமாக நடக்கும். வெப்பத்தைக் குறைத்து, ஐ.பி.டி.ஜி.யையும் 0.1 மில்லிமோலாராகக் குறைத்தால் பெரும்பாலும் தெளிநீருக்கு வந்துவிடும். யூரியாவில் கரைத்துத் திரும்ப மடிய வைக்கும் வேலைக்கு முதல் ப்ராஜெக்டில் இறங்காதீர்கள்.

பெரிய கல்ச்சர், சுத்திகரிப்பு

ஜெயித்த வெப்பநிலையில் 500 மி.லி. போடுங்கள், 2 லிட்டர் குடுவையில், காற்றோட்டத்துக்காக. 1 மோலார் ஐ.பி.டி.ஜி. கரைசலில் 100 மைக்ரோ லிட்டர் போட்டால் 0.2 மில்லிமோலார் வரும். செல்களைச் சுற்றி எடுத்து, 50 மில்லிமோலார் பாஸ்பேட், 300 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் இமிடசோல், பி.எச். 8 கொண்ட பஃபரில் கலக்குங்கள். ஐஸில் வைத்து சோனிகேட்டரில் 10 விநாடி ஓட்டி 20 விநாடி ஓய்வு கொடுங்கள். கலங்கிய பால் நிறம் மங்கி, கசியும் கண்ணாடி மாதிரி ஆகும்போது நிறுத்தலாம். நுரை கிளம்பினால் முனை மேலே வந்துவிட்டது, புரதம் கெடும்.

12,000 ஜி வேகத்தில் அரை மணி நேரம் சுற்றி, தெளிநீரை 1 மி.லி. நிக்கல் ரெசினில் ஊற்றி, 20-30 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250 மில்லிமோலாரில் எடுங்கள்; ஹிஸ்டிடின் வாலை நிக்கலிலிருந்து விடுவிப்பது இமிடசோல்தான். பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருந்தால் நிக்கலை உருவிவிடும், டி.டி.டி. ரெசினைப் பழுப்பாக்கிவிடும். இரண்டையும் தள்ளியே வையுங்கள்.

போன வருடம் ஒரு ஜூனியர் ஜெல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, 60 கிலோடால்டனில் பேண்ட் வந்துருச்சு!" ஹிஸ்டிடின் வாலோடு கை-ஏவின் எடையும் ஏறத்தாழ அதே 60தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. செயல்பாடு பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை. பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெறும் பிளாஸ்மிட் செல்லையும் அதே ரெசினில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன், அதிலும் அதே பேண்ட். ஈ.கோலையின் குரோ-இ.எல். என்ற துணைப்புரதம் அது. எடை சுமார் 57 கிலோடால்டன், ஜெல்லில் அதே இடத்தில்தான் ஓடும். சரியாக மடியாத புரதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவதும் அதன் வழக்கம். எடுக்கும் முன் 5 மில்லிமோலார் ஏ.டி.பி., 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்த பஃபரில் ஒரு முறை கழுவினால் பெருமளவு விட்டுப் போகும். அவளுடைய கல்ச்சரை 18 டிகிரிக்கு மாற்றிய பிறகு உண்மையான நொதி கிடைத்தது.

பேண்டும் செயல்பாடும் ஒரே புரதத்துடையதா என்று நேரடியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜெல்லிலேயே 0.01 சதவீதம் கிளைகால் கைட்டின் கலந்து ஓட்டி, புரதத்தை விரித்து வைத்திருக்கும் எஸ்.டி.எஸ்.ஐ ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்த பஃபரில் கழுவி எடுத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விட்டு, கால்கோஃப்ளூர் சாயத்தில் நனைத்துப் புற ஊதா விளக்கில் பாருங்கள். ஜெல் முழுக்க நீலமாக ஒளிரும், நொதி கைட்டினைத் தின்ற இடம் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும்.

இன்னொரு சுத்திகரிப்பு வழியும் இருக்கிறது, இதுதான் எனக்குப் பிடித்தது. கைட்டினேஸுக்குக் கைட்டின் மேல் ஒட்டும் குணம் இயல்பிலேயே இருப்பதால் கைட்டின் மணிகளையே ரெசினாகப் பயன்படுத்தலாம். 1 மோலார் அமோனியம் சல்பேட் சேர்த்த பி.எச். 8 பஃபரில் ஒட்ட வைத்து, 20 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தில் எடுப்பார்கள். வால் தேவையில்லை. நொதி மணிகளைத் தின்னத் தொடங்கும் முன், குளிர் அறையில் சுருக்காக முடிக்க வேண்டும். எடுத்த கையோடு பி.எச்.ஐச் சரிசெய்துவிடுங்கள்.

எண் போடுவது

நிக்கலிலிருந்து எடுத்த நொதியில் இமிடசோல் இருக்கும், அது சில புரத அளவீடுகளைக் கெடுக்கும். டயாலிசிஸ் செய்து நீக்கிய பிறகே அளங்கள்.

1 மி.லி. வினைக்கலவை: 0.5 சதவீதக் கொலாய்டல் கைட்டின், 50 மில்லிமோலார் பாஸ்பேட் பி.எச். 6, நொதி 20 மைக்ரோ லிட்டர். 37 டிகிரியில், துகள் படியாதபடி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 10, 20, 30, 60 நிமிடங்களில் தனித்தனிக் குழாய்களை நிறுத்துங்கள். எளிதில் எட்டும் கைட்டின் தீர்ந்ததும் வேகம் தானாகக் குறையும், ஆகவே முதலில் நேர்கோடாக ஏறும் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

உதாரணத்துக்கு, 30 நிமிடத்தில் 1.2 மைக்ரோமோல் ஒடுக்கும் முனை வந்ததாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.04, அதாவது 0.04 யூனிட் (நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் என்றால் 1 யூனிட்). அது 20 மைக்ரோ லிட்டரிலிருந்து வந்தது, ஆகவே மி.லி.க்கு 2 யூனிட். நொதியின் அடர்வு மி.லி.க்கு 1 மில்லிகிராம் என்றால், மில்லிகிராமுக்கு 2 யூனிட். 315 மாற்றிய இரட்டையும், கொதிக்க வைத்த நொதியும், வெறும் பிளாஸ்மிட் தெளிநீரும் அதே நாளில், அதே கைட்டினில் ஓட வேண்டும். வேறு ஆய்வுக்கட்டுரையின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். அவர்கள் கைட்டின் வேறு, அளவீடு வேறு.

கை-ஏ தருவது பெரும்பாலும் இரட்டைச் சர்க்கரை, கைட்டோபயோஸ். ஒற்றைச் சர்க்கரை வேண்டுமென்றால் 20ஆம் குடும்பத்து ஹெக்சோசமினிடேஸ் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

நொதியைச் சிறு சிறு குழாய்களில் பிரித்து, கொஞ்சம் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பாக்டீரியாவையும் 20 சதவீதக் கிளிசராலில் அங்கேயே வையுங்கள், குழாயின் மேல் வகை, பிளாஸ்மிட், தேதி மூன்றும் எழுதி. மிச்சக் கல்ச்சர், பைப்பெட் முனைகள், தட்டுகள் எல்லாம் ஆட்டோகிளேவுக்கு. சாக்கடைக்கு எதுவும் போகக் கூடாது.

இவ்வளவும் கைகூடிய பிறகு அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சி.பி.பி.21. அதே செராஷியா சுரக்கும் சிறு புரதம். கைட்டினில் ஒட்டுவது மட்டுமே அதன் வேலை என்று நினைத்திருந்தார்கள். அது ஆக்சிஜனேற்றத்தால் படிகக் கைட்டினின் மேற்பரப்பையே வெட்டுகிறது என்று 2010இல் நார்வேயின் வாயே-கோல்ஸ்டாட், ஐசிங்க் குழுவினர் காட்டினார்கள். அதற்குத் துணை நிற்கும் உலோகம் செம்பு என்பது பிறகு தெரியவந்தது. அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கி ஒன்றோடு அதைக் கை-ஏவுடன் சேர்த்து, அமிலத்தில் கரைக்காத பழைய பொடிக் கைட்டினில் விட்டுப் பாருங்கள். ஒடுக்கியும் ஷேல்ஸ் முறையில் நிறம் காட்டும் என்பதால், நொதியில்லாமல் ஒடுக்கி மட்டும் போட்ட குழாய் ஒன்றைக் கூடவே வையுங்கள்.